சிலிண்டரை மாற்றுவதா, நிரப்புவதா? கேரவன் எரிவாயுச் செலவு கிலோக் கணக்கில்

சமையல், படுக்கை வசதியோடு பயணம் போகும் வண்டியான கேரவனின் எரிவாயுச் செலவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "ஒரு சிலிண்டர் இவ்வளவு ஆகிறது" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் கடையில் கணக்கு கிலோவில். வாகனங்களுக்கு எல்பிஜி (திரவமாக்கிய எரிவாயு) நிரப்பும் பங்கில், அதாவது பெட்ரோல் பங்க் போன்ற நிலையத்தில், மீட்டர் ஓடுவது லிட்டரில். இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல் எது மலிவு என்று வாதாடுவது வீண்வேலை.

லிட்டரைக் கிலோவாக மாற்றும் முறை எளிது. எல்பிஜி என்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களில் ஒன்றோ, இரண்டின் கலவையோதான். திரவமாக இருக்கும்போது ஒரு லிட்டர் புரோப்பேனின் எடை ஏறத்தாழ 0.51 கிலோ, பியூட்டேன் 0.58 கிலோ. ஆகவே பங்கில் எழுதியிருக்கும் லிட்டர் விலையைப் புரோப்பேன் என்றால் 2ஆலும், பியூட்டேன் என்றால் 1.7ஆலும் பெருக்கினால் கிலோ விலை கிடைத்துவிடும். "பங்கில் கால்வாசி விலைதான்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் லிட்டரையும் கிலோவையும் குழப்பிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பெருக்கிப் பார்த்தால் அது பாதி விலையாகிவிடும். பாதியும் நல்ல லாபம்தான், ஆனால் நாலில் ஒன்று அல்ல. எடைக்கு எடை பார்த்தால் புரோப்பேனும் பியூட்டேனும் தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே: கிலோவுக்குச் சுமார் 13 யூனிட், அதாவது மின்சார மீட்டரில் ஓடும் அதே கிலோவாட் மணி. இந்த 13 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் உதவும்.

மாற்றிக்கொள்ளும் சிலிண்டர்

இங்கே நாம் கொடுக்கும் பணத்தில் வாயுவுக்குப் போவது ஒரு பகுதிதான். சிலிண்டரைக் கழுவி, சோதித்து, பெயின்ட் அடித்து, நிரப்பி, லாரியில் ஏற்றி, கடையின் கம்பிக்கூண்டில் அடுக்கி வைக்கும் செலவு மொத்தமும் அதற்குள் அடக்கம். சின்ன சிலிண்டருக்கும் பெரிய சிலிண்டருக்கும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றே என்பதால், அளவு குறையக் குறைய கிலோ விலை ஏறுகிறது. 2.75 கிலோ பியூட்டேன் பிடிக்கும், காம்பிங்காஸ் நிறுவனத்தின் 907 என்ற நீல சிலிண்டரைப் பல நாடுகளில் மாற்றிக்கொள்ள முடியும் என்பது பெரிய வசதி. அந்த வசதிக்கான விலையையும் நாம்தான் கொடுக்கிறோம். கைக்கு அடங்கும் கார்ட்ரிட்ஜ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓரிரவு தேநீருக்கு அவை சரி, கேரவனுக்கு அல்ல.

முதல்முறை கட்டும் டெபாசிட்டோ வாடகை ஒப்பந்தமோ தனி. சிலிண்டர் நம்முடையது அல்ல, நிறுவனத்துடையது. திருப்பிக் கொடுக்கும்போது எவ்வளவு பணம் திரும்பும், எத்தனை ஆண்டுகளுக்குள் கொடுத்தால் திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: மிச்ச வாயு. பயணத்துக்கு முந்தின நாள் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம், கனம் குறைவாகத் தெரிகிறது, எதற்கு வம்பு என்று புதிதாக மாற்றிவிடுகிறோம். 6 கிலோ சிலிண்டரில் 600 கிராம் மிச்சமிருந்தால் பத்து சதவீதப் பணத்தைக் கடைக்காரருக்குத் தானம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். குளிர்காலத்தில் பியூட்டேன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தானம் கட்டாயமாகிவிடும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில். வாயு ஆவியாகும்போது சிலிண்டரும் தானாகவே குளிர்கிறது. ஆகவே வெளியே 5 டிகிரி இருந்தாலே பியூட்டேன் அடுப்பின் சுடர் சோம்பிப் போகும், உள்ளே திரவம் தளும்பிக்கொண்டிருந்தாலும். அதையும் "தீர்ந்துவிட்டது" என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு.

இதற்கு மருந்து பெட்டி எடைபோடும் கைத்தராசு. சிலிண்டரின் கழுத்திலோ பட்டையிலோ அதன் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். தொங்கவிட்டுப் பார்த்து அதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தராசு இல்லையா? ஒரு குவளை வெந்நீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துக் கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். சூடு சட்டென்று குளிராக மாறும் இடத்தில்தான் திரவத்தின் மட்டம் இருக்கிறது.

வாங்கும்போதும் அதே தராசு பயன்படும். அமெரிக்காவில் 20 பவுண்டு சிலிண்டர் என்று சொல்லி மாற்றித் தருவதில் பெரும்பாலும் 15 பவுண்டு வாயுதான் இருக்கும். லேபிளில் எழுதியே விற்கிறார்கள், ஏமாற்று என்று சொல்ல முடியாது. படிக்காமல் வாங்குபவருக்குத்தான் நட்டம். அதே சிலிண்டரை நிரப்பும் நிலையத்துக்குக் கொண்டுபோனால் முழுதாக நிரப்பித் தருவார்கள்.

நிரப்பிக்கொள்ளும் சிலிண்டர்

இது நம் சொந்தச் சொத்து. பங்குக்குக் கொண்டுபோய் நாமே நிரப்பலாம். பாதி காலியாக இருந்தாலும் மேலே நிரப்பிக்கொள்ளலாம் என்பதால் மிச்ச வாயுத் தானம் இங்கே கிடையாது. என் கணக்கில் விலை வித்தியாசத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய லாபம் இது.

இதன் உயிர்நாடி உள்ளே இருக்கும் மிதவை வால்வு. கொள்ளளவில் 80 சதவீதம் நிறைந்ததும் அது தானாக அடைத்துக்கொள்ளும். பங்கில் நிற்கும்போது இதைக் காதாலேயே அறியலாம்: பொத்தானை அழுத்தியதும் சீராக ஓடும் மீட்டர் முடிவை நெருங்கும்போது தயங்கும், ஒரு சின்ன 'டக்' ஒலி, பிறகு எண் நகராது. துப்பாக்கி போன்ற அந்த முனையைக் கழற்றும்போது இணைப்பில் சிக்கிய வாயு ஒரு வெண்புகையாகச் சீறும். கையுறை இல்லாவிட்டால் விரல் உறைந்துபோகும். மீதி 20 சதவீத இடம் வெயிலில் திரவம் விரிவதற்காக விடப்படுவது. அந்த இடம் இல்லாத சிலிண்டர் கோடை மதியத்தில் என்ன செய்யும் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆகவே மாற்றிக்கொள்ளும் சாதாரண சிலிண்டருக்கு இணையத்தில் கிடைக்கும் ஒரு பித்தளை அடாப்டரை மாட்டிப் பங்கில் நிரப்பும் வித்தையை இந்த ஒப்பீட்டில் ஒரு தேர்வாகவே நான் சேர்க்கவில்லை. அதில் மிதவை வால்வு இல்லை, எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லை, சிலிண்டரும் நம்முடையது இல்லை. மிச்சமாகும் பணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் ஒரே நாளில் விழுங்கிவிடும்.

நிரப்பிக்கொள்வதில் இரண்டு வகை. ஒன்று, பெட்டியில் வைத்து எடுக்கக்கூடிய சிலிண்டர். எஃகிலும் வருகிறது, எடை குறைந்த கலப்புப் பொருளிலும் வருகிறது. பின்னதில் வெளிச்சத்தில் திரவ மட்டம் கண்ணுக்கே தெரியும். மற்றது வண்டியின் அடியில் நிரந்தரமாகப் பொருத்தும் தொட்டி. தொட்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்பிஜியில் ஓடும் கார்களுக்கான தொட்டி எஞ்சினுக்குத் திரவத்தை அனுப்பும், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் வேண்டியது மேலே நிற்கும் ஆவி. பழைய கார் தொட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டிவிடக் கூடாது.

எத்தனை கிலோ எரிக்கிறீர்கள்?

எது லாபம் என்பதை நிர்ணயிப்பது வாயுவின் விலை அல்ல, நீங்கள் ஆண்டுக்கு எத்தனை கிலோ எரிக்கிறீர்கள் என்பதே. நாணயத்தை மறந்து எல்லாவற்றையும் கிலோவிலேயே கணக்கிடுவோம். நிரப்பும் சிலிண்டர், குழாய், வடிகட்டி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து, கடையில் மாற்றிக்கொள்ளும் வாயுவில் 40 கிலோவின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் கிலோ பாதி விலை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் போட்ட முதல் திரும்ப 80 கிலோ எரிக்க வேண்டும். உங்கள் ஊர் விலைகளைப் போட்டால் எண் மாறும், வழிமுறை மாறாது.

இப்போது எரிப்பைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 15 முதல் 20 கிராம். குளிப்பதற்கான 10 லிட்டர் கொதிகலனை ஒருமுறை சூடாக்க ஏறத்தாழ 50 கிராம். வாயுவில் ஓடும் நடுத்தரக் குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் குடிக்கும். சமையலும் குளியலும் சேர்ந்த கோடை விடுமுறை வாரம் ஒன்று இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு நாலைந்து வாரம் மட்டும் வெளியே போகிறவருக்கு 80 கிலோ எட்டப் பத்து ஆண்டுகள் ஆகலாம்; அதற்குள் ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் மாற்றும் காலம் வந்துவிடும், சிலிண்டரின் மறுசோதனைத் தேதியும் நெருங்கிவிடும். அவர் நிரப்பும் சிலிண்டர் வாங்கினால் அது சேமிப்பு அல்ல, ஆசை. ஆசைக்கு வாங்குவதில் தவறில்லை, சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

குளிர்காலம் வந்தால் கதை தலைகீழ். ஹீட்டர் சராசரி 2 கிலோவாட்டில் பத்து மணி நேரம் ஓடினால் 20 யூனிட் வெப்பம்; 13ஆல் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. 6 கிலோ சிலிண்டர் நாலு இரவுகளுக்கு மட்டுமே. பனிக்காலத்தில் தங்குகிறவர்களும், ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்கிறவர்களும் இரண்டாவது ஆண்டு முடிவதற்குள்ளேயே போட்ட பணத்தை எடுத்துவிடுவார்கள். நள்ளிரவில் ஸ்பானரோடு வெளியே போய்ச் சிலிண்டர் மாற்றும் தொல்லையும் குறையும்.

இழுத்துச் செல்லும் கேரவனா, எஞ்சினோடு கூடிய மோட்டார் ஹோமா என்பதும் முக்கியம். இதைப் பலர் யோசிப்பதில்லை. மோட்டார் ஹோமில் பக்கவாட்டில் நிரப்பும் வாய் வைத்துவிட்டால் டீசல் போடும் கையோடு வாயுவும் போட்டுக்கொள்ளலாம். கேரவனில் அதே வாயைப் பொருத்தினால், முகாமில் வாயு தீரும் நாளில் கூடாரத்தைப் பிரித்து, தாங்கிகளைத் தூக்கி, வண்டியைக் காரோடு பூட்டிப் பங்குக்கு இழுத்துச் செல்ல வேண்டும். கையில் எடுக்கும் வகையைக் காரில் வைத்துக்கொண்டு போகலாம் என்றால், தனி சிலிண்டரை நிரப்ப அனுமதிக்காத பங்குகள் இருக்கின்றன. ஜெர்மனியில் நிரந்தரமாகப் பொருத்திய தொட்டிக்கே அனுமதி, கழற்றி எடுத்துவரும் சிலிண்டருக்கு இல்லை. எனவே இழுக்கும் கேரவனுக்கு நான் சாய்வது மாற்றிக்கொள்ளும் சிலிண்டரின் பக்கம். மோட்டார் ஹோமுக்கு நிரப்பும் முறையின் பக்கம்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு நிரப்பும் முறையில் இன்னொரு லாபம். காம்பிங்காஸ் போன்ற சிலவற்றைத் தவிர, ஒரு நாட்டின் சிலிண்டரை அடுத்த நாட்டில் பெரும்பாலும் மாற்றிக்கொள்ள முடியாது, வால்வும் பல இடங்களில் வேறு. பங்கு எங்கும் பங்குதான். ஐரோப்பாவில் நாலுவகை நிரப்பு முனைகள் புழக்கத்தில் இருப்பதால், அவற்றுக்கான அடாப்டர்கள் அடங்கிய சிறு பை ஒன்று போதும். ஆனால் பங்கில் விற்கும் எல்பிஜி எல்லா நாட்டிலும் சுத்த புரோப்பேனாக இருக்காது. நாட்டுக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பியூட்டேன் கலக்கும் விகிதம் மாறும். வெப்பமான ஊரில் தொட்டியை நிரப்பிக்கொண்டு மலையேறினால் அங்கே ஹீட்டர் மல்லுக்கு நிற்கலாம். குளிர்ப் பகுதியை நெருங்கி நிரப்புவதே நல்லது. பங்கு வாயுவோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு ரெகுலேட்டரை அடைக்கும் என்பதால் வடிகட்டியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாயுவே வேண்டாம் என்றால்?

முகாம் கட்டணத்தில் மின்சாரமும் சேர்ந்திருந்தால் குளிர்சாதனப் பெட்டியையும் வெந்நீரையும் அதிலேயே ஓட்டிவிடுங்கள். எந்தச் சிலிண்டரும் அதோடு போட்டிபோட முடியாது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் என்றால், வாயுவின் கிலோ விலையை 13ஆல் வகுத்து ஒரு யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். ஹீட்டரின் புகைபோக்கி வழியே வெளியேறும் வெப்பத்துக்காக வாயுப் பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். டீசல் ஹீட்டர் லிட்டருக்குச் சுமார் 10 யூனிட் என்ற கணக்கில் வரும். குளிர்காலத்தில் அதிகம் திரிகிற மோட்டார் ஹோமுக்கு நிரப்பும் தொட்டியின் உண்மையான போட்டியாளர் மாற்று சிலிண்டர் அல்ல, இதுதான். டீசல் ஹீட்டர் சூடு போடும்போது சமையலுக்கு மட்டும் ஒரு சிறு சிலிண்டர் போதும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரப்பும் சிலிண்டர்கள் வண்டி மாற்றுபவர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கின்றன, அப்படி வாங்கினால் 80 கிலோ கணக்கு வெகுவாகச் சுருங்கும். கழுத்தில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் மறுசோதனைத் தேதியையும் முதலில் படியுங்கள். பிறகு உங்கள் வண்டியின் வாயுப் பெட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள், மேலே முளைக்கும் வால்வையும் குழாய் வளைவையும் சேர்த்து. இழுக்கும் கேரவனில் அந்தப் பெட்டி பெரும்பாலும் முன்மூக்கில் இருப்பதால், அங்கே ஏறும் எடையின் பெரும்பகுதி காரின் இணைப்புக் கொக்கியின் மேல்தான் அழுந்தும். அதற்கான உச்சவரம்பு காரின் கையேட்டில் இருக்கிறது.