ஒற்றை இயக்குநர் கம்பனிக்கு பேசிக் பி.ஏ.ஒய்.இ. டூல்ஸ்: நோய்க்கால ஊதியத்தில் எவ்வளவு கைகொடுக்கும்?

பிரித்தானியாவில் சொந்த லிமிடெட் கம்பனியில் இயக்குநராகச் சம்பளம் எடுப்பவருக்கும் எஸ்.எஸ்.பி. எனும் சட்டபூர்வ நோய்க்கால ஊதியம் உண்டு. கொடுக்க வேண்டியது கம்பனி. கோவிட் காலச் சலுகையைத் தவிர, 2014 ஏப்ரலுக்குப் பிறகு அதை அரசிடம் திரும்பப் பெற வழியில்லை.

பத்துக்கும் குறைவான ஊழியர் உள்ளவர்களுக்காக வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. இலவசமாகத் தரும் சம்பளக் கணக்கு மென்பொருள்தான் பேசிக் பி.ஏ.ஒய்.இ. டூல்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்பீட்டுச் சந்தா) கணக்குகளைச் சரியாகப் போட்டு வரித்துறைக்கு நேரடியாக அனுப்பிவிடும். ஊழியர் விவரத்தில் 'இயக்குநர்' என்று குறித்து, நியமன நாளையும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கு முறையையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேஷனல் இன்ஷூரன்ஸ் தவறாகப் போகும். பே ஸ்லிப் தராது, அதை நீங்களே தயாரிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.பி. தொகையைக் கணக்கிட அரசு இணையதளத்தில் தனிக் கால்குலேட்டர் இருக்கிறது. 2026 ஏப்ரல் 6 முதல் விதி மாறிவிட்டது: மூன்று நாள் காத்திருப்பு இல்லை, குறைந்தபட்ச வருமான வரம்பும் இல்லை. சராசரி வாரச் சம்பளத்தில் 80 வீதம் அல்லது 123.25 பவுண்ட், இரண்டில் எது குறைவோ அதுதான் வாரத் தொகை. வருடத்துக்கு 12,570 பவுண்ட் எடுப்பவரின் வாரச் சராசரி 241.73, அவருக்கு 123.25 பவுண்ட் கிடைக்கும். 5,000 மட்டும் எடுப்பவருக்கு முன்பு எதுவுமே இல்லை; இப்போது வாரம் 76.92 பவுண்ட். டிவிடெண்டும் (இலாபப் பங்கு) இயக்குநர் கடன் கணக்கில் எடுத்த பணமும் சராசரியில் சேராது.

வாரத்தில் எந்த நாட்கள் வேலை நாட்கள் என்பதை நோய் வருவதற்கு முன்பே எழுத்தில் வைத்திருங்கள். ஐந்து நாள் என்றால் ஒரு நாளுக்கு 24.65 பவுண்ட். படுக்கையில் இருந்தபடி வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலும் அது வேலைதான். அந்த நாள் நோய் நாளாகாது. சொந்தக் கம்பனிக்காரர்களின் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் பிழையாகிறது. அடுத்த பிழை, முழுச் சம்பளமும் எடுத்துக்கொண்டு அதன்மேல் எஸ்.எஸ்.பி.யையும் கூட்டுவது. அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்திருந்தால் கடமை தீர்ந்தது. எஸ்.எஸ்.பி. மட்டும் கொடுக்கும் மாதத்தில் அதைச் சாதாரணச் சம்பளமாகவே பதியுங்கள். வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் அதற்கும் பொருந்தும்.

இயக்குநர் ஒருவரோ இருவரோ மட்டும் என்றால் இந்த மென்பொருளே தாராளமாகப் போதும். அடிக்கடி விடுப்பு எடுக்கும் கடை ஊழியர்களும் இருந்தால், நோய் நாட்களைத் தானே கணக்கிடும் கட்டண மென்பொருளுக்கு மாறுவதே நல்லது.

ஏழு நாளுக்கு மேல் நோய் நீடித்தால் ஃபிட் நோட் எனும் மருத்துவச் சான்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். எஸ்.எஸ்.பி. கிடைக்கும் 28 வாரத்துக்கு மேலும் நீளும் என்று தெரிந்தால், 23ஆம் வாரத் தொடக்கத்துக்குள் கம்பனி எஸ்.எஸ்.பி.1 படிவம் கொடுக்க வேண்டும். அதன்பின் அரசிடம் கேட்கக்கூடிய இ.எஸ்.ஏ. எனும் நோய்க்கால உதவித்தொகை நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவைப் பொறுத்தது. 5,000 பவுண்ட் சம்பளத்தில் அந்தப் பதிவு சேராது. அதனால் சம்பளத்தை அவ்வளவு குறைவாக வைக்கும் யோசனையை உங்கள் கணக்காளரோடு மறுபடி பேசுங்கள்.