சிலிக்கா ஜெல் டிரையரா, நீளமான குழாயா?

பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னுக்குப் போகும் காற்றில் தண்ணீர், எண்ணெய், தூசி எதுவும் கூடாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எப்படித் தடுப்பது என்பதில்தான் குழப்பம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டிரையர், காற்றைக் குளிரவைக்கும் நீளமான குழாய் இரண்டையும் மாட்டி ஓட்டியதில் என் ஓட்டு குழாய்க்குத்தான்.

கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடானது, அதில் ஈரம் ஆவியாகத்தான் இருக்கும். சாதாரண ஃபில்டர் பிடிப்பதோ துளியான தண்ணீரை மட்டும். டேங்க் வாயிலேயே ஃபில்டரை மாட்டினால் ஆவி அதைத் தாண்டிப் போய், ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகி, அடித்துக்கொண்டிருக்கும் பெயின்ட் மேலேயே துப்பும். ஃபில்டர் மேல் தப்பில்லை, மாட்டிய இடம்தான் தப்பு. சுவரில் ஏழெட்டு மீட்டர் செம்பு அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை மேலும் கீழுமாக ஓட்டி, கீழ் முனைகளில் தண்ணீரைத் திறந்துவிட ட்ரெயின் வால்வு வைத்து, கன்னுக்குப் போகும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, கடைசியில் ஃபில்டர் ரெகுலேட்டரை (ஃபில்டரும் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்தது) மாட்டினால், காற்று குளிர்ந்து பெரும்பாலான தண்ணீர் வழியிலேயே தங்கிவிடும். பி.வி.சி. மட்டும் வேண்டாம், பிரஷரில் வெடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும்.

சிலிக்கா ஜெல் ஆவியையே உறிஞ்சும், அதனால் காற்று இன்னும் உலர்வாக வரும், அதை மறுக்க முடியாது. ஆனால் பராமரிப்பு! மழைக்காலத்தில் சூடான காற்றை நேராக விட்டால் ஜெல்லின் நீல மணிகள் வேலை முடியும் முன்பே வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். கொட்டி, 120 டிகிரி வாக்கில் சூடாக்கி, மறுபடி நிரப்ப வேண்டும். எண்ணெய் பட்ட மணிகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் டிரையருக்கு முன்னால் எண்ணெய் ஃபில்டர், உதிரும் தூளுக்காகப் பின்னால் இன்னொன்று என்று செலவு நீளும். குழாய் கேட்பது சாயங்காலம் ட்ரெயினைத் திறந்துவிடுவதை மட்டும்.

எண்ணெய்ப் புகையை எந்தக் குழாயும் நிறுத்தாது. 5 மைக்ரான் ஃபில்டரும் போதாது, நுண்ணிய எண்ணெய்த் துளிகளை ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் 0.01 மைக்ரான் கோலசிங் ஃபில்டர் தேவை. இல்லையென்றால் பெயின்டில் மீன்கண் மாதிரி குழி விழும்.

ரெகுலேட்டர் எங்கே? சுவரில் முக்கியமானது, கன்னின் அடியில் பிரஷர் காட்டும் சின்ன கேஜ். நீள ஹோஸில் பிரஷர் குறைவதால், டிரிகரை அழுத்திக்கொண்டே கன்னின் அடியில் உள்ள கேஜைப் பார்த்து செட் பண்ணுங்கள்.

முழு வண்டிக்கு இடைவிடாமல் கிளியர் (பெயின்ட் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) அடிப்பவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்போது குழாயே சூடேறிவிடும். அப்போது குழாய்க்கு அப்புறம் ஒரு சின்ன ஜெல் டிரையர் சேர்க்கலாம், மணிகளும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். காற்றைக் குளிர்வித்து ஈரத்தை எடுக்கும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் இதற்கென்றே இருக்கிறது, ஆனால் நான் அதை வைத்து ஓட்டியதில்லை.