ஈம் கிராம அருங்காட்சியகம்: டர்பனிலிருந்து சென்ற ஒருவரின் மதிப்புரை

இங்கிலாந்து செல்லும் நம் டர்பன் தமிழர்கள் லண்டனோடு நின்றுவிடாமல், டார்பிஷர் மலைப்பகுதியிலுள்ள ஈம் என்னும் சிற்றூரின் அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். 1665-இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு கொள்ளைநோய் புகுந்ததும், மறு ஆண்டு பாதிரியார் வில்லியம் மொம்பெசனின் சொற்படி ஊரார் தம்மைத் தாமே எல்லைக்குள் அடைத்துக்கொண்டதும், வெளியூரார் தந்த உணவுக்கான காசை எல்லைக்கல்லின் குழிகளில் வினிகருக்குள் இட்டு வைத்ததும் அவ்வூரின் வரலாறு. எலிசபெத் ஹான்காக் என்பவர் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார் என்ற செய்தியைக் கடந்து செல்ல எனக்கு நெடுநேரமாயிற்று. இறந்தோர் ஏறத்தாழ 260 பேர். அன்றைய மக்கள்தொகை 350 என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டாலும், பிந்தைய ஆய்வுகள் அதை ஏறத்தாழ இருமடங்காகக் கணிக்கின்றன. இறந்தோரின் பெயர்ப்பட்டியலோ, 1860-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த நம்மவர்களின் பதிவேட்டை நினைவூட்டியது.