பாசிக்குடாவில் பியரும் பிள்ளைகளும்: இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது?

மட்டக்களப்பிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். வாழைச்சேனையால் திரும்பினால் பாசிக்குடா. ஆறுதலாக இருந்து பியர் குடிக்க வேண்டும், பிள்ளைகளும் சலிக்காமல் விளையாட வேண்டும் என்று வருகிற குடும்பத்துக்குக் கிழக்கில் இதைவிடப் பொருத்தமான கரை இல்லை. ஆனால் நேரத்தை மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். காலை கடலுக்கு, பியர் பொழுது சாய்ந்த பிறகு.

குடாவுக்கு வெளியே பவளப்பாறை அலையைத் தடுத்து நிற்கிறது. அதனால் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்குத் தண்ணீர் இடுப்பளவுதான். அந்த நம்பிக்கையில் தாயும் தகப்பனும் கதிரையில் சாய்ந்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை மத்தியானத்தில் கச்சான் வீசும். அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. காற்றடைத்த ரியூப்பில் இருக்கிற பிள்ளையை அது மெல்ல வெளியே தள்ளும். அலையும் இல்லை, பிள்ளையும் அழாது. சிரித்தபடியே ஆழத்துக்குப் போய்விடும். ரியூப்பை அறையிலேயே வைத்துவிட்டு, அளவான லைஃப் ஜாக்கெட் போட்டு விடுங்கள். காலை 7 முதல் 10 வரை போதும். பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்வரை ஒரு பெரியவராவது ஒரு மிடறும் குடிக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். என்ஜின் வள்ளங்கள் கரையைத் தொடும் பக்கத்தில் இறங்க வேண்டாம். உடைந்த பவளத் துண்டு பாதத்தைக் கிழிக்கும், ரப்பர் சப்பாத்து நல்லது. பக்கத்துக் கல்குடாக் கரை அமைதியானது, அழகானது. ஆனால் அங்கே அலை கூட, ஆழம் சட்டென்று வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இனி பியர். தெரிவு குறைவுதான். விதவிதமான பியர் தேடி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலும் கிடைப்பது லயன் லாகர் (மதுசாரம் 4.8%), ஸ்ட்ரோங் (8.8%), கறுப்புப் பியரான ஸ்டௌட் (8.8%). இவற்றில் மெனக்கெட்டுக் கேட்டு வாங்க வேண்டியது ஸ்டௌட். ஐஸ்போல் குளிர்ந்து வந்தால் அதில் கசப்பு மட்டும்தான் தெரியும். கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கோப்பி நிறத்து நுரை அடங்கியதும் வறுத்த கோப்பி, கறுப்புச் சொக்லேட் வாசம் எழும்பும். சுட்ட இறாலுக்கும் நண்டுக்கும் அது அருமை. கணவாய் டெவலுக்கு லாகர்தான் சரி. உறைப்போடு ஸ்ட்ரோங் சேர்ந்தால் தொண்டை எரியும்.

ஒரு கணக்கு முக்கியம். 625 மில்லி லாகர் போத்தலில் ஏறக்குறைய 24 கிராம் மதுசாரம். அதே அளவு ஸ்ட்ரோங்கில் 43 கிராம். 330 மில்லி ஸ்டௌட் சின்ன ரின்னிலேயே 23 கிராம், அதாவது ஒரு பெரிய லாகருக்குச் சமம். ரின் சின்னதென்று மூன்றைத் திறந்தால் மூன்று பெரிய போத்தல் குடித்த மாதிரி. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். கச்சான் வெக்கையில் வியர்வையும் சேருவதால் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள்.

ரிசோட்டில் மெனு விலையோடு நின்றுவிடாது. 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் ஏறினால் 1,000 ரூபாய் 1,300ஐத் தொடும். மட்டக்களப்பு நகர வைன் ஸ்டோரில் வாங்கி வருவது மலிவு. ஆனால் வெளிப் போத்தலுக்கு இடமுண்டா, கட்டணம் கேட்பார்களா என்று அறை பதியும்போதே கேளுங்கள். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் மட்டும் போட்டால் குளிர நேரம் எடுக்கும். ஐஸ், தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு மூன்றும் சேர்த்தால் போத்தலைச் சுற்றிலும் குளிர் தொடும், கால் மணி நேரத்தில் குடிக்கலாம். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் போத்தல் வெடிக்கும், கண்ணாடித் துண்டு பிள்ளைகளின் காலில்தான் ஏறும்.

போயா (பௌர்ணமி) நாளில் விற்பனை இல்லை. பயணத் திகதி குறிக்குமுன் கலண்டரைப் பாருங்கள். திறந்த கடற்கரையில் போத்தலோடு உட்கார்ந்து குடிப்பது சட்டப்படி குற்றம். மணலில் ஓடுகிற பிள்ளைகளுக்கும் அது தீங்கு.

பின்னேரம் ஆறரைக்கு, முதலாவது போத்தலைச் சொல்லும்போதே பிள்ளைகளின் சாப்பாட்டையும் உறைப்பில்லாமல் சொல்லிவிடுங்கள். ஆட்கள் நிறைந்த நாளில் குசினி மெதுவாகத்தான் இயங்கும். பசித்த பிள்ளை எந்தப் பியரையும் ருசிக்க விடாது.

பத்து, பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் என்றால் அம்பாறைப் பக்கம் அறுகம்பை மேல். பேபி பொயின்ற்றில் சர்ஃபிங் பழகலாம், பொத்துவில் களப்பில் விடியற்காலைத் தோணிச் சவாரி போகலாம். பியர் இடங்களும் அங்கே கூட. ஆனால் சீசனில் பிரதான வீதியில் இரவுச் சத்தம் அடங்காது, அறையை உள்ளே தள்ளி எடுங்கள். போகும் வழியில் முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் காத்தான்குடி, அக்கரைப்பற்றுச் சாப்பாட்டுக் கடைகளில் பியர் தேட வேண்டாம், போத்தலை வெளியே காட்டவும் வேண்டாம். அது அந்த ஊர்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

திரும்பும் நாளுக்கு முதல் இரவு வாகனம் ஓட்டுபவர் ஸ்ட்ரோங்கைத் தொடக்கூடாது. இரவு 11 மணியோடு இரண்டு பெரிய ஸ்ட்ரோங் போத்தல் முடித்தவரின் உடம்பில் விடிய எட்டு மணிக்கும் மிச்சம் இருக்கலாம். சாரதி இல்லையென்றால் வாழைச்சேனையில் கோச்சி இருக்கிறது. யன்னலோரத்தைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்.