புளூடூத்தா, டாங்கிளா, வயரா: எந்த ஹெட்போன் எதோடு சேரும்?

வேலூர் கோட்டைக்கு எதிரே உள்ள மொபைல் கடைகளில் ஹெட்போன் கேட்டால், பெட்டியில் அச்சிட்ட எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். "5.3 வெர்ஷன் சார், எல்லாத்துக்கும் கனெக்ட் ஆகும்." அது பாதி உண்மை. புதிய புளூடூத் பழையதோடும் பேசும், 4.2 இருக்கும் பழைய லேப்டாப்போடு 5.3 ஹெட்போன் சேர்ந்துவிடும். ஆனால் சேர்வது வேறு, நமக்கு வேண்டிய வேலையைச் செய்வது வேறு. அதனால் வெர்ஷனை விட்டுவிட்டு, எதோடு மாட்டப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம்.

போனில் பாட்டு மட்டும்தான் என்றால் சாதாரண புளூடூத்தே போதும். காட்பாடியில் ரயில் ஏறி சென்னை வரை கேட்டுக்கொண்டு போகிறவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பாட்டை அனுப்பும் முறைக்கு ஏ2டிபி என்று பெயர். அதில் எஸ்பிசி என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரிக்கும் முறை) கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் எந்த போனும் எந்த ஹெட்போனிலும் பாடிவிடும். எல்டாக், ஆப்ட்எக்ஸ் போன்ற மற்ற கோடெக்குகள் எல்லாம் கூடுதல் வசதி. இரண்டு பக்கமும் இருந்தால்தான் பயன். ஆண்ட்ராய்டில் 8.0 முதல் எல்டாக் உண்டு, நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். ஐபோனோ எஸ்பிசி, ஏஏசி இரண்டோடு நின்றுவிடும். ஐபோன் வைத்துக்கொண்டு எல்டாக்குக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

லேப்டாப் வந்தால் கதை மாறுகிறது. ஆன்லைன் இன்டர்வியூ, ஆபீஸ் மீட்டிங், விடுதி அறையில் வகுப்பு என்று புளூடூத்தை எல்லாரும் திட்டுவது இங்கேதான். பாட்டு நன்றாகக் கேட்ட ஹெட்போன், மீட்டிங் தொடங்கியதும் பழைய லேண்ட்லைன் போல ஆகிவிடும். ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. ஏ2டிபி ஒருவழிப் பாதை. அதில் மைக்குக்கு இடம் இல்லை. மைக் ஆன் ஆனதும் இணைப்பு ஹெச்எஃப்பி என்ற பேச்சு முறைக்குத் தாவுகிறது. அது ஸ்டீரியோ அல்ல, ஒரே சேனல். அதிர்வெண் வீச்சும் குறுகிவிடும்: பழைய கருவிகளில் 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் (நொடிக்கு 8,000 முறை ஒலியை அளப்பது), புதியவற்றில் 16. பாட்டுக்கு வழக்கமாக இருப்பது 44.1. விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கினாலும் இந்தத் தாவல் அப்படியேதான் இருக்கும். காசில்லாத வழி ஒன்று உண்டு: மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். இணைப்பு ஏ2டிபியிலேயே நிற்கும். அப்புறம், விடுதியில் ஒலி விட்டுவிட்டு வந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அங்கே மாடி முழுக்க உள்ள ரவுட்டர்களும் இடம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கேம் ஆடுகிறவர்களுக்கு என் ஓட்டு டாங்கிளுக்கு. யுஎஸ்பியில் செருகும் அந்தச் சின்னத் துண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் புளூடூத் மொழி பேசாது. தாமதம் மிகக் குறைவு, மைக்கும் கூடவே நன்றாக வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5 சாதாரண புளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்காது. அங்கே பொருந்தும் டாங்கிள் அல்லது வயர்தான். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: ஒரு கம்பெனி டாங்கிள் இன்னொரு கம்பெனி ஹெட்போனோடு சேராது. தொலைத்தால் தீர்ந்தது. புளூடூத்தும் சேர்ந்த மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

டிவிதான் அதிகம் ஏமாற்றும். "புளூடூத் உண்டு" என்று எழுதியிருக்கும், அது ரிமோட்டுக்கு மட்டுமாக இருக்கலாம். அமைப்பில் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் புளூடூத் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தனி டிரான்ஸ்மிட்டர் வாங்கி டிவியின் ஆடியோ துளையில் மாட்டலாம். அது ஆப்டிகல் துளை (ஒளி வழியாக ஒலியை அனுப்புவது) என்றால் டிவியின் அமைப்பில் ஒலியை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றுங்கள். டால்பி என்ற சுருக்கிய வடிவிலேயே விட்டால் பல டிரான்ஸ்மிட்டர்கள் ஊமையாகிவிடும். அடுத்து உதட்டசைவு. போனில் படம் பார்க்கும்போது ஒலி எவ்வளவு தாமதம் என்று பிளேயருக்குத் தெரியும், படத்தையும் அதற்கேற்ப நிறுத்தி ஓட்டும். வெளியே மாட்டிய டிரான்ஸ்மிட்டர் விஷயம் டிவிக்குத் தெரியாது. அதனால் இரு பக்கமும் குறைந்த தாமதக் கோடெக் பொதுவாக இருக்க வேண்டும். வீட்டில் காது மந்தமான தாத்தாவுக்கு மட்டும் சீரியல் சத்தமாகக் கேட்டால் போதும் என்றால், டிரான்ஸ்மிட்டரும் ஹெட்போனும் சேர்த்தே விற்கும் செட் இதைவிடத் தொல்லை குறைவு.

எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறை இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தீர்க்க வந்தது. எல்சி3 என்ற புதிய கோடெக், மைக் ஆன் செய்தாலும் கெடாத ஒலி, ஆராகாஸ்ட் வழியாக ஒரே டிவியிலிருந்து பலர் கேட்கும் வசதி. ஆனால் 5.2 என்று எழுதியிருப்பதாலேயே அது இருக்கும் என்று அர்த்தமில்லை. போன், ஹெட்போன் இரண்டின் விவரத்திலும் எல்இ ஆடியோ என்ற பெயரே இருக்க வேண்டும். இப்போதைக்கு அதற்காக மட்டும் நான் காசு போட மாட்டேன்.

வயரிலும் ஒரு பொறி உண்டு. டைப்-சி போனுக்கு மலிவான 3.5 மிமீ கன்வெர்ட்டர் வாங்கினால் ஒரு போனில் பாடும், இன்னொன்றில் பேசாது. சில போன்கள் டைப்-சி வழியாக அனலாக் ஒலியை நேரடியாக அனுப்பும். மற்றவற்றுக்கு டேக் சிப் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றுவது) உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். சிப் உள்ளதையே கேட்டு வாங்குங்கள், கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாருங்கள். டிவிக்கு என்றால், அதன் பின்பக்கத் துளைகளை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.