கவாத்துக் கட்டர்: கடலூர் உப்புக்காற்றில் சில வருஷங்கள்

செடிகளைக் கவாத்து செய்ய, அதாவது கிளைகளைக் குறைத்து வெட்ட, என்னிடம் இருப்பது கார்பன் ஸ்டீல் அலகு வைத்த பைபாஸ் வகைக் கட்டர். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு பாகமும் உரசிக் கடந்து வெட்டும். வெட்டில் குறையே சொல்ல முடியாது. சுண்டுவிரல் பருமன் தண்டு ஒரே அழுத்தில் விழும். தொல்லை கொடுப்பது தேவனாம்பட்டினம் கடற்காற்று.

கட்டருக்கு வேலை கார்த்திகை முதல் தை வரைதான். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். முல்லைக்கு ஜனவரி கடைசி, 45 செ.மீ. மல்லிக்குக் கவாத்து வரும் நேரத்தில்தான் இங்கே மழையும் கொட்டும். ஈரத்தோடு ஒரு ராத்திரி வைத்தால் போதும், காலையில் அலகில் துரு பூத்திருக்கும். துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வைப்பேன். அப்படியும் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்தது. விற்ற கடையில் உதிரி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஹார்டுவேர் கடையில் தேடி ஒன்று மாட்டினேன்.

வாங்கும்போது நட்டு போல்ட் போட்டதா என்று பாருங்கள். ரிவிட் அடித்ததைக் கழற்றிச் சாணை பிடிக்க முடியாது. சாணைக்காரர் இரண்டு பக்கமும் தீட்டத்தான் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்! சாய்வான பக்கம் மட்டும் போதும். தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து, தண்டு அறுபடாமல் மடங்கிக்கொள்ளும்.

கட்டரின் தரம் ரோஜாவில் தெரிந்துவிடும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுகிறோம். அங்கே தண்டு நசுங்கினால் நுனிக்கருகல் பிடித்து இறங்கும். அதனால் வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ பசை தடவுகிறேன். கருகல் கண்ட செடியைத் தொட்ட கட்டரை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோக மாட்டேன்.

முருங்கைக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, அதற்கப்புறம் எங்கள் வீட்டில் முருங்கையை உயர விடுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கழித்துவிடுகிறோம். அதற்குக் கை ரம்பம்தான் சரி.

துடைக்கச் சோம்பல்படுகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். விலை குறைந்தது என்றால் கூர் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி சாணைக்கு அலைய வேண்டும். எனக்குத் துணியால் துடைப்பதே சுலபம்.