ஊசி, பூட்டு மூக்கு, அகலச் சிறகு: கச்சான் காற்றில் எந்தக் கடதாசிப் பிளேன் தாங்கும்?

போட்டியில் அளப்பது தூரத்தையா, நேரத்தையா? இதைக் கேட்காமல் கடதாசியை மடிக்கத் தொடங்கினால் பாதித் தோல்வி அப்போதே. இரண்டுக்கும் ஒரே பிளேன் சரிவராது.

அடுத்தது இடம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாடசாலைப் போட்டி என்றால் ஒன்று மைதானம், இல்லாவிட்டால் அரைச்சுவர் மண்டபம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அரைச்சுவர் மண்டபமும் மைதானம் மாதிரித்தான். உலக சாதனைகள் காற்றுப் புகாத பெரிய மண்டபங்களுக்குள் வைக்கப்பட்டவை. அந்த மடிப்புகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஊசி எல்லாருக்கும் தெரிந்த மடிப்பு. தாளை நீளவாக்கில் மடித்து விரித்து, மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, சரிந்த விளிம்புகளை மறுபடியும் நடுக்கோட்டுக்கு மடிப்பது. சிறகு ஒடுக்கம், காற்றுத்தடை குறைவு. வேகமாக எறிந்தால் எதிர்க்காற்றைக் கிழித்துப் போகும், மெதுவாக விட்டால் கல்லுப்போல விழும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் இந்தியானாவில் 88.318 மீற்றர் போய்ச் சாதனை வைத்ததும் ஊசிக் குடும்பம்தான். அதை ஏறத்தாழ 40 பாகை மேல்நோக்கி, முழுப் பலத்தோடு எறிந்தார்கள். அந்தக் கைப்பலம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இராது. ஊசியின் பலவீனம் வயிறு: எறிந்தவுடன் நடுமடிப்பு விரிந்து, சிறகுகளின் சாய்வு மாறி, ஒரு பக்கம் வளைந்துபோகும். விதி அனுமதித்தால் வயிற்றில் சின்னத் துண்டு ரேப் (ஒட்டுநாடா) ஒட்டலாம்.

ரேப்புக்குத் தடை இருந்தால் பூட்டு மூக்கு. நக்கமுரா பூட்டு என்று சொல்வார்கள். ஏ4 தாளில் மூலைகளை நடுக்கோட்டுக்கு மடித்தால் மேலே ஒரு முக்கோணம் வரும். அந்த முக்கோணத்தின் அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் கீழே கோடு பிடித்து, முழுவதையும் கீழ்நோக்கி மடியுங்கள். இப்போது மேலே வந்த புது மூலைகளை மறுபடி நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால், அவற்றுக்குக் கீழே முக்கோணத்தின் நுனி 2 சென்ரிமீற்றர் எட்டிப் பார்க்கும். அதை மேல்நோக்கி மடித்தால் மூலைகள் இரண்டும் பூட்டுப்பட்டுவிடும். பூட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி தாளை இரண்டாக மடித்து, 2 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உடலை விட்டுச் சிறகுகளை இறக்குங்கள். முக்கோணத்தை அதன் அடிக்கோட்டிலேயே மடித்துவிட்டால் நுனி வெளியே வராது, பூட்ட ஒன்றும் மிஞ்சாது. பலர் தவறுவது இங்கேதான்.

எறிகிற கை நடுத்தரம் என்றால், தூரப்போட்டிக்கு இதுதான் எங்கள் தெரிவு. பாரம் மூக்கில் இருக்கிறது, சிறகும் மிதக்கப் போதும், எறிதலில் சிறு பிழை வந்தாலும் மன்னிக்கும். மிதக்கிற பிளேன் தூரம் போகாது என்று நினைக்கவும் வேண்டாம். ஜோன் கொலின்ஸ் வடிவமைத்து, ஜோ அயூப் எறிந்து, 2012 பெப்ரவரியில் 69.14 மீற்றர் போனது மிதவை வகைதான்.

அகலச் சிறகு நேரப்போட்டிக்கு மட்டும். முன்விளிம்பைப் பல தடவை மடித்துப் பாரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, பின்னால் பரந்த சிறகை விடுவது இதன் அடிப்படை. நேரத்துக்கு எறிகிறவர்கள் அநேகமாகச் செங்குத்தாக மேலே வீசுவார்கள். உச்சியில் பிளேன் தானாக நிமிர்ந்து, வட்டமடித்து இறங்கவேண்டும். 2010இல் ஜப்பானின் தக்குவோ தொடா 29.2 வினாடி பிளேனைக் காற்றில் நிறுத்தினார். அதற்கு உயர்ந்த கூரை வேண்டும். தகரக்கூரை மண்டபத்தில் கூரை வளைமரத்தில் மோதித் திரும்பி வரும், கச்சானில் குப்புறப் புரளும். நேரப்போட்டியை வைத்தே ஆகவேண்டும் என்றால் காற்று எழும்புமுன் காலமை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாரம் சரியா என்று விரலில் வைத்துப் பார்க்கலாம். ஊசி நீளத்தின் பாதிக்குச் சற்று முன்னால் சமநிலையில் நிற்கவேண்டும். செவ்வகச் சிறகென்றால் சிறகின் முன் கால்பங்கில். பூட்டு மூக்குக்கு இரண்டுக்கும் இடையில் எங்காவது.

பிறகு திருத்தம். மூக்குக் குத்தினால் சிறகின் பின்விளிம்பை ஒரு மில்லிமீற்றர் மேலே வளைக்கவும். ஏறி நின்று பின்னால் சரிந்தால் வளைவு கூடிவிட்டது, குறைக்கவும். இடப்பக்கம் திரும்பினால் முதலில் இரண்டு சிறகும் ஒரே அளவா என்று அடிமட்டம் வைத்துப் பார்க்கவும், பிறகு வாலின், அதாவது உடலின் பின்முனையின், விளிம்பை வலப்பக்கம் சற்று வளைக்கவும். சிறகுகள் தட்டையாக இல்லாமல் லேசாக மேல்நோக்கி நின்றால் உருளாது.

தாள்: போட்டோக்கொப்பிக் கடையின் 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம், 70 என்றால் 4.4 கிராம். கச்சானுக்கு 80 நல்லது. காற்றில்லாத நேரப்போட்டிக்கு 70ஐயும் முயன்று பாருங்கள். கொப்பி ஒற்றை மெல்லிசு, சிறகு துடிக்கும். மாரியில் தாள் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், மடிப்பும் நிற்காது. தாள்கட்டைப் பொலித்தீனுக்குள் வைத்திருந்து எறிகிற அன்றே மடியுங்கள், கோடுகளைக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்துங்கள். மூக்கு ஒருதரம் நசுங்கினால் நிமிர்த்தி எறிந்து பயனில்லை. ஒரே அளவில் மூன்று மடித்துக்கொண்டு போங்கள்.